‘இல்லை’ என்றொரு பட்டன்

போன வாரம் ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்க எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். பின்லாந்தில் தம்பெரே என்கிற நகரத்தில் இருக்கிறது அந்தக் கடை. உள்ளே என்னைத் தவிர ஈ, காக்கை இல்லை. மேசைக்குப் பின்னால் நின்ற பெண்மணி கைகளைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். மூக்கடைப்பு என்று நான் ஆரம்பித்ததும் அவர் கனிவாக வாசல் பக்கம் கையைக் காட்டினார். வாசலில் ‘வூரோநுமெரோ’ பெட்டி இருக்கிறது, அதாவது வரிசை எண் சீட்டு தருகிற பெட்டி. திரும்பிப் போய்ச் சீட்டைக் கிழித்தேன். தலைக்கு மேலே பலகையில் என் எண் ஒளிர்ந்து டிங் என்று மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் அவருக்கு என் மூக்கு கண்ணில் பட்டது. ஊரில் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடைகளை நினைத்துக்கொண்டேன். ஒருவர் டாக்டர் சீட்டை நீட்டும்போது அவர் தோளுக்கு மேலாக இன்னொரு கை, கக்கத்துக்குக் கீழாக மூன்றாவது கை. கடைக்காரர் மூன்று பேருக்கும் மருந்து எடுத்துக்கொண்டே நாலாவது ஆளிடம் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று விசாரிப்பார். நான் பார்த்தவரை மருந்து மாறினதில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறேன், இன்னமும் சீட்டு எடுக்க மறந்துபோகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரிப் பெட்டிகளைப் பற்றிப் பாடம் நடத்துவதுதான் என் பிழைப்பு. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் மூன்று பாடங்கள் எடுக்கிறேன். தகவல் அமைப்புகள், மனிதர்–கணினி ஊடாட்டம், முடிவெடுத்தல். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் உடைத்துச் சொல்கிறேன். ஓர் இடத்தில் யாருக்கு எந்தச் செய்தி எப்போது போய்ச் சேரவேண்டும் என்பது முதலாவது. கணினித் திரையில் எந்தப் பட்டனை எங்கே வைத்தால் மனிதர்கள் திட்டாமல் அமுக்குவார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதுக்கு விளக்கமே தேவையில்லை. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் கோழிப்பண்ணையில் நின்றுகொண்டு ஒருதரம் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டியவர் மூன்றாவதுக்கு, “முடிவெடுக்கறதுக்குக் கூடவா சாமி பள்ளிக்கோடம் வெச்சிருக்கறாங்க?” என்று கேட்டுவிட்டுத் தீவன மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடம் நான் கம்ப்யூட்டர் டீச்சர் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே மாணவர்கள் பேசமாட்டார்கள். முதல் பருவத்தில் நான் மூச்சுவிடாமல் பாடம் நடத்தி, “சந்தேகம் ஏதாவது?” என்று கேட்டால் வகுப்பறை ஆற்று மணலாகக் கிடக்கும். நான் நடத்துவது ஒன்றும் ஏறவில்லை, அடுத்த வருஷம் ஊரைப் பார்க்கப் பெட்டி கட்டவேண்டியதுதான் என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். பருவ முடிவில் அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைப் படித்தால் எல்லாம் பாராட்டு. ஒரு பையன் மட்டும், ‘ஆசிரியை அடிக்கடி சந்தேகம் உண்டா என்று கேட்பதால் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை’ என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு நானும் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில்தான் யாரும் இதை நம்புவதில்லை.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன், அது கொஞ்சம் வெட்கப்பட்டுக் கற்றது. வந்த புதிதில் ஹன்னா என்கிற சக ஆசிரியை தன் புது வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டாள். வருவாயா என்று கேட்டாள். “கண்டிப்பாக வருகிறேன்” என்றேன். நம் பக்கம் ஒருவர் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வேறு என்ன சொல்வார்கள்? முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. கண்டிப்பாக வந்துவிடுகிறோம் என்போம், முடிந்தால் போவோம், முடியாவிட்டால் வீட்டுக்கு ஒருவர் தலையைக் காட்டுவோம், அதுவும் முடியாவிட்டால் ஒரு மாசம் கழித்துப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வருவோம். அன்றைக்கு வெளியே பனி கொட்டியது, மகளுக்கு இருமல், நான் போகவில்லை. திங்கட்கிழமை ஹன்னா என் அறைக்கு வந்தாள். கோபமில்லை, புரியாத முகம். என் பெயரை அட்டையில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாளாம், எனக்காக ஒரு மீன் துண்டு கடைசிவரை காத்திருந்ததாம். “நீ வருகிறேன் என்று சொன்னாயே” என்று மட்டும் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதிலிருந்து ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மாறிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் தை முடிகிற சமயத்தில் தம்பி கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஆட்டையாம்பட்டி. வைகாசியில், மே மாதக் கடைசி வாரத்தில் முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர். அவனுக்குப் புதிதாக ஒருத்தி வருகிறாள், அதனால் உன் இடம் போய்விடவில்லை என்று ஊர் முன்னால் சொல்வது அது. கார்த்திக்கு நான் ஒரே அக்கா. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்திலேயே எனக்கு அந்த இடம் எழுதிவைத்தாயிற்று.

அதே வாரம்தான் பல்கலைக்கழகத்திலும் எனக்கு ஒரு நாள் குறித்தார்கள். இத்தனை வருஷமும் நான் ஒப்பந்தத்தில்தான் இருந்தேன், இரண்டு வருஷம், இரண்டு வருஷமாக நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். இப்போது நிரந்தர இடம் ஒன்று வந்திருந்தது. அதற்குத் தேர்வுக் குழுவின் முன்னால் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டவேண்டும். கல்யாணமும் மாதிரி வகுப்பும் ஒரே வாரம். முடிவெடுத்தல் பாடத்தில் நான் நடத்துகிற கட்டம் போட்ட தாளை எடுத்து, இந்தப் பக்கம் சாதகம் அந்தப் பக்கம் பாதகம் என்று எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடவேண்டும். தம்பிக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, துறைத்தலைவர் யுஹாவிடம் பேசிவிடலாம் என்று காபி அறைக்குப் போனேன்.

யுஹா நல்ல மனிதர், ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு அதற்கு நேர்மாறு. அவரிடம் விலாவாரியாகச் சொன்னேன். தம்பிக்குக் கல்யாணம், மே கடைசி வாரம். அக்கா பக்கத்தில் நின்று செய்யவேண்டிய சடங்கு ஒன்று இருக்கிறது. அம்மா தினமும் போன் செய்து கேட்கிறாள். பாருங்கள், மாதிரி வகுப்பும் அதே வாரம்தான் வந்திருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். நாமக்கல்லில் இதில் பாதி சொல்லும்போதே எதிராளி, “அட, மொதல்ல போயிட்டு வாங்க, மத்ததப் பொறவு பாத்துக்கலாமுங்க” என்றிருப்பார். யுஹா கடைசிவரை கேட்டார். “ஓன்னெயா” என்றார். வாழ்த்துகள் என்று அர்த்தம். காபியை ஒரு வாய் குடித்தார். நெடுநேரம் கழித்து, “மே மாதம் இந்தியாவில் வெயில் அதிகமோ?” என்று கேட்டார். அதிகம்தான் என்றேன். அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா கேட்டபோது, “பார்க்கலாம்மா” என்றேன். அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

போகமுடியாது என்று ஆனபிறகு, இருந்த இடத்திலிருந்தே கல்யாணத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருநாள் கார்த்தி பேசும்போது சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்பதாகவும், அப்பா ஒரு கணக்கு, பெரியப்பா ஒரு கணக்கு சொல்வதாகவும் அலுத்துக்கொண்டான். கேட்டதும் எனக்குள் இருக்கிற டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு பாரம், அதாவது படிவம், தயாரித்தேன். போனில் திறந்தால் மேலே தம்பியும் பெண்ணும் இருக்கிற படம், கீழே பெரிய எழுத்தில் ‘எங்கள் இல்லத் திருமணத்துக்கு வருகிறீர்களா?’ அதற்குக் கீழே பச்சையில் ‘ஆம்’, சிவப்பில் ‘இல்லை’. அனுப்புவதற்கு முன்னால் முறைப்படி சோதித்தும் பார்த்தேன். வகுப்பில் மாணவர்களிடம் மொழிபெயர்த்துக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். தெளிவாக இருக்கிறது என்றார்கள். உணவு ஒவ்வாமை பற்றிக் கேள்வி இல்லையே என்று ஒரு பெண் கேட்டாள். அதுவும் சரிதான் என்று ‘உங்களுக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது?’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பயன்படுத்தப்போகிறவர் யார் என்று முதலில் தெரிந்துகொள் என்பதுதான் நான் நடத்துகிற பாடத்தின் முதல் வகுப்பு. ஊரில் இருக்கிற மோகனூர் மாமாவுக்குப் போகவேண்டிய பாரத்தைப் பின்லாந்துப் பிள்ளைகளிடம் சோதித்த நான்தான் அந்த வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை உறவு முறை எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஊர் பற்றிக்கொண்டது. சிவப்புப் பட்டனை வேண்டுமென்று ஒருவரும் தொடவில்லை. நல்ல காரியத்துக்கு இல்லை என்று அமுக்க யாருக்குக் கை வரும்? முக்கால்வாசிப் பேர் எதையும் அமுக்காமல் நேரே அம்மாவுக்குப் போன் போட்டு, “ஏனுங்க, நாங்க வருவமா மாட்டமான்னு சந்தேகம் வந்துருச்சுங்களா?” என்று கேட்டார்கள். ராசிபுரத்தில் லாரி வைத்திருக்கிற பெரியப்பா மகனுக்குக் கட்டை விரல் பட்டு ‘இல்லை’ என்று போய்விட்டதாம். பதறியடித்துக்கொண்டு மனைவி மக்களோடும் ஒரு தார் பூவன்பழத்தோடும் எங்கள் வீட்டுக்கே வந்து, தெரியாமல் நடந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒத்துக்கொள்ளாத உணவு என்ற கட்டத்தில் மட்டும் நிறையப் பேர் ஆசை தீர எழுதியிருந்தார்கள். ‘பாவக்கா’ என்று ஒருவர், ‘ஒத்துக்காதது ஒண்ணுமில்ல, எலையில போடறத திம்போம்’ என்று ஒருவர், ‘எங்க மாமியா வெக்கிற ரசம்’ என்று பெயர் போடாமல் ஒருத்தி. நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அழைத்தாள்.

அம்மாவின் அண்ணன், மோகனூர் மாமா, கரும்பு விவசாயம் பார்க்கிறவர். சாமிக்கு அடுத்தபடியாக முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்கவேண்டும். அச்சடித்து வந்ததும் வெள்ளிக்கிழமை தட்டோடு போவதாக அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அதற்குள் என் பாரம் போய்விட்டது. தாய்மாமன் சீர் கொண்டுவந்து முன்னால் நிற்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு காரியமும் நகராது. அவரையே வருகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். “அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டேங்குது சாமி. பத்திரிகையும் வெக்க வரவேண்டான்னுருச்சு” என்று அம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே, “நீயும் வரலீன்னு ஆயிப்போச்சு. இணைச்சீருக்குச் சின்னப்பா மக ரேவதிய நிக்கச் சொல்லியிருக்குது” என்றாள். மாமாவை விட இதுதான் என்னை அடித்தது. ரேவதி தங்கமான பெண், ஒன்றும் சொல்வதற்கில்லை. என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்பதை மட்டும் என்னால் பொறுக்கமுடியவில்லை.

அன்றே மாமாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் மோட்டார் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் அவர் குரல். “அம்மிணி, கேட்டுக்க. ஒறம்பரை சொந்தபந்தத்தையெல்லாம் வாரியா மாட்டியான்னு பட்டன் வெச்சுக் கேக்கற. என்ற தங்கச்சி ஊட்டுக் கல்யாணத்துக்கு என்னைய ஒரு போன் பொட்டி கேக்குது. சரி, கேக்கட்டும். உன்ற தம்பி பக்கத்துல நிக்கறதுக்கு நீ வாரயா, மாட்டயா? மொதல்ல நீ ஒரு பட்டன அமுக்கு. பொறவு நா அமுக்கறேன்.” கோபமாகத்தான் பேசியிருந்தார். எனக்கும் கோபம் வந்தது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்கக் கோபம் யார் மேல் என்று தெரியாமல் போயிற்று. ஊருக்கெல்லாம் கேள்வி அனுப்பிய நான், எனக்கு மட்டும் அனுப்பிக்கொள்ளவில்லை என்பது நிஜம்தானே.

மறுநாள் காலையில் யுஹாவின் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரவில்லை. “மாதிரி வகுப்பின் தேதியை மாற்றமுடியுமா? முடியும், முடியாது, ஒன்று சொல்லுங்கள்” என்றேன்.

“முடியும்” என்றார். “முன்னால் வைக்கலாமா, பின்னால் வைக்கலாமா?”

“போன மாதமே கேட்டேனே. அப்போது ஏன் சொல்லவில்லை?”

அவர் யோசித்தார். நன்றாக யோசித்துவிட்டு, “தம்பிக்குக் கல்யாணம் என்று சொன்னீர்கள். நான் வாழ்த்துச் சொன்னேன்” என்றார்.

“அந்தக் கதைக்குள்ளே ஒரு கேள்வி இருந்தது.”

“எங்கே?” என்று கேட்டார் யுஹா. கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். “வாரேம்மா. ரேவதிகிட்டச் சொல்லிரு” என்று நான் கத்தியதில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

மாதிரி வகுப்பை முன்னால் வைத்துக்கொண்டோம். என்ன பாடம் எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் கல்யாணப் பாரத்தையே திரையில் போட்டு, அது ஊரைக் கலக்கிய கதையைச் சொன்னேன். பிறகு புதிதாகச் செய்த பாரத்தைக் காட்டினேன். இதில் வருகிறீர்களா என்ற கேள்வி கிடையாது. ‘எப்போது வருகிறீர்கள்?’ என்று இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே, காலை முகூர்த்தத்துக்கு, மத்தியானப் பந்திக்கு என்று மூன்று பட்டன். இலைக் கணக்கும் கிடைத்துவிடும், யாருடைய மனசும் நோகாது. குழுவில் இருந்த ஓர் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “வரமுடியாதவர் எதை அமுக்குவார்?” என்று கேட்டார். “மூன்றில் ஒன்றை அமுக்குவார். பிறகு வரமாட்டார்” என்றேன். “அது பொய்யான தகவல் அல்லவா?” என்றார். “இல்லை. உங்கள் வீட்டு விசேஷம் எனக்கும் முக்கியம் என்ற தகவல். அது உண்மை. அவர் எங்கே இருப்பார் என்பது வேறு தகவல். சமையல்காரர் அதைத் தன் அனுபவத்தில் கழித்துக்கொள்வார்.” குழுவுக்குப் பின்னால் என் மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவன் மெல்லச் சிரித்தான், பிறகு இன்னொருத்தி. பின்லாந்து வகுப்பறையில் அது கைதட்டலுக்குச் சமம். முடிவைப் பிறகு தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்து இறங்கிய மறுநாளே மோகனூர் கிளம்பினோம். அப்பா, அம்மா, கார்த்தி, நான். தாம்பூலத் தட்டில் பத்திரிகை, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. எங்கள் கார் வாய்க்கால் பாலத்தில் ஏறுவதைப் பார்த்ததும் மாமா வரப்பிலிருந்து இறங்கிக் கரும்புக்குள் போய்விட்டார். நாங்கள் பார்த்தோம், நாங்கள் பார்த்ததை அவரும் பார்த்தார். அத்தை வாசலுக்கு வந்து வாய் நிறைய வாங்க வாங்க என்று கூட்டிப்போய் உட்காரவைத்தாள். “தண்ணி கட்டறாரு, வந்துருவாரு” என்றாள். வெகுநேரம் கழித்துச் சேற்றுக்காலோடு வந்தார். “வாங்க மாப்ள, வா தங்கச்சி, வாடா கார்த்தி” என்று மூன்று பேரையும் கேட்டார். எவ்வளவு கோபம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. என்னைத் தாண்டி அத்தையிடம், “பின்லாந்துல இருந்து வந்திருக்கறவிங்களுக்கு எளநி வெட்டலாமா, இல்ல அதுக்கும் பட்டன் அமுக்கோணுமான்னு கேளு” என்றார்.

“வெட்டுங்க மாமா. ரெண்டா வெட்டுங்க” என்றேன்.

சிரிப்பு வந்ததை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு நேராகவே பேசினார். “அந்த இல்லைங்கற பட்டன யாருக்குச் சாமி வெச்ச? நம்ம ஒறம்பரையில யாரு அமுக்குவாங்கன்னு வெச்ச?”

“எனக்குத்தான் வெச்சிருந்தேன் போலிருக்குதுங் மாமா” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வாயில் வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, தட்டக் கொண்டா” என்றார். அத்தையும் அவரும் சேர்ந்து நின்று பத்திரிகையை வாங்கிக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியுமா? புதுப் பாரத்தை எடுத்துக் காட்டினேன். அவரிடம் காட்டாமல் இந்தமுறை யாருக்கும் அனுப்பக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மாமா மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ‘முந்தின நாள் சாயங்காலமே’ என்பதை அமுக்கினார். பிறகு ‘காலை முகூர்த்தத்துக்கு’ என்பதை அமுக்கினார். முதலில் அமுக்கியது அணைந்துபோயிற்று. மறுபடி அதை அமுக்கினார், இது அணைந்தது.

“ஏதாச்சும் ஒண்ணுதான் அமுக்க முடியுமுங் மாமா.”

“அதென்ன ஞாயம்? முந்தின நாளே வாரவன் முகூர்த்தத்துக்கு எந்திரிச்சுப் போயிருவானா? பந்தியில உக்கார மாட்டானா? நா மூணுக்கும் இருப்பேன். மூணும் எரியோணும்.”

அவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டாவது இளநீரைக் குடித்துக்கொண்டே, மூன்றையும் அமுக்கலாம் என்று மாற்றிக்கொடுத்தேன். மாமா மூன்றையும் வரிசையாக அமுக்கி, மூன்றும் பச்சையாக நிற்பதை அத்தையிடம் காட்டினார். ஒத்துக்கொள்ளாத உணவு என்ற கட்டத்தை நான் எடுத்துவிட்டது மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அவர் எழுத ஏதோ வைத்திருந்தாராம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே மாமா வந்துவிட்டார். பட்டனில் இல்லாத நேரம் அது. சீர்த்தட்டுகளோடு ஒரு வேன், வாசலில் கட்ட வாழை மரமும் கரும்புமாக இன்னொரு வேன். மண்டபத்து வாசலில் நின்று யார் எப்போது வருகிறார்கள் என்று அவரே எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கை டின் டின்னாக இறக்கினார்கள். என் வீட்டுக்காரரும் மகளும் அன்றைக்குத்தான் கோவையில் இறங்கி வந்து சேர்ந்தார்கள். மகள் வந்ததும் மண்டபத்தில் எந்தப் பக்கம் வரிசை என்று கேட்டாள். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நுழை என்றேன். சாயங்காலம் பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது யுஹாவிடமிருந்து செய்தி வந்தது. அவர் வழக்கப்படி ஒரே வரி. ‘இடம் உங்களுக்குத்தான். நிரந்தரம். ஓன்னெயா.’ மண்டபத்துத் தூண் பக்கத்தில் நின்று அதைப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் எதிர்பார்த்தது, ஏன் இருக்காது? பாயசவாளியோடு ஓடிய ஒருவர் மேல் இடித்துக்கொண்டு, அப்போது யாரிடமும் சொல்லாமல் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

காலையில் இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, என்னையும் ஒரு கல்யாணப் பெண்ணைப் போலத்தான் அலங்கரித்திருந்தார்கள். ரேவதி என் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு, “நல்லவேள நீ வந்தக்கா, எங்க நிக்கோணும், எதப் புடிக்கோணும்னே எனக்குத் தெரியல” என்றாள். மணவறையில் கார்த்தி பக்கத்தில் நின்றேன். முறைகள் தெரிந்து நடத்திவைக்கிற பெரியவரை எங்கள் பக்கம் அருமைக்காரர் என்போம். அவர் பெண் கட்டப்போகிற கூறைச்சேலையை மடித்து, ஒரு தலைப்பைத் தம்பியின் கையிலும் மறு தலைப்பை என் கையிலும் கொடுத்தார். முன்னால் மாமா கைகட்டி நின்றிருந்தார், பக்கத்தில் அம்மா. மேளம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, “எனக்கு அங்க வேலை நிரந்தரமாயிருச்சுடா” என்று தம்பியிடம் சொன்னேன். ஏன் அந்த நேரத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவனிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்றிருந்தது.

அவன் முன்னால் பார்த்தபடியே சிரித்தான். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. “அப்ப இனி அங்கயேதானாக்கா?” என்றான்.

சேலை இரண்டு பக்கமும் இழுபட்டு விறைப்பாக நின்றது. யார் இழுத்தோம் என்று தெரியவில்லை, இரண்டு பேரும்தான் இருக்கும்.

அருமைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். “இத்தன இறுக்கிப் புடிச்சா எப்புடிங் சாமி? பொண்ணு கட்டற சேல, கிழிஞ்சுரப் போவுது. ரெண்டு பேரும் சித்தத் தளர்த்திப் புடிங்க” என்றார்.

தம்பி கொஞ்சம் தளர்த்தினான். நானும் தளர்த்தினேன். தலைப்பு கையில்தான் இருந்தது.